ஆமை மேல் ஒரு கண்

சல்லடையைக் குழாயடியில் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலாக அது தோன்றியது: இது தானாக வருகிற கோளாறு இல்லை, யாரோ செய்கிறார்கள்.

அப்படித் தோன்றவைத்தது ஒரு நூல். குளத்தில் குப்பை வாரும் ரோபோவின் துடுப்புச் சக்கரத்து அச்சில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. தலைமுடி என்று நினைத்துத்தான் இடுக்கியால் இழுத்தேன். நீச்சல் குளம் என்றால் தலைமுடி வராமல் இருக்காது. நீளம், குட்டை, சாயம் போட்டது என்று எல்லாமே பார்த்தாயிற்று. ஆனால் ஈரமான முடி வழுக்கும். இது வழுக்கவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டு பஞ்சு போலப் பிரிந்தது. கம்பளி. மாமல்லபுரத்துக் கடற்கரையில், கழுத்து வியர்வையே காயாத ஊரில், யார் கம்பளியோடு குளத்தில் இறங்குவார்கள்?

நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினேன். யாரும் இல்லை. பக்கத்து அறையில் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படித் திரும்பிப் பார்த்ததிலிருந்து எனக்கு எல்லார் மேலும் சந்தேகம்.

நான் வேலை பார்ப்பது கடலோரத்து ரிசார்ட் ஒன்றில். குளத்தின் மேல் மிதக்கும் குப்பையை வாருவதற்கு அங்கே ஒரு ரோபோ வாங்கியிருந்தார்கள். பார்க்கப் பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். முதுகில் சோலார் தகடு, இரண்டு பக்கமும் மிதவை, நடுவில் திறந்த வாய். வாயில் இருக்கும் துடுப்புச் சக்கரம் தண்ணீரை உள்ளே தள்ளும். தண்ணீர் பின்னால் இருக்கும் கூடைக்குள் போய், சல்லடை வழியாக வெளியேறும். குப்பை கூடையில் தங்கும். சுவர் கிட்டே வந்தால் சென்சார் சொல்லும், அது திரும்பிக்கொள்ளும். வெயில் இருக்கிறவரை இதுதான் அதன் பிழைப்பு. வந்த முதல் நாளே ஊழியர்கள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேனேஜருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்தார். பிறகு அவரும் ஆமை என்றுதான் கூப்பிட்டார்.

அந்த ஆமைக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். செங்கல்பட்டில் மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் நாவலூர்ப் பக்கம் குளிரூட்டிய அறைகளில் உட்கார்ந்து, தாங்கள் தொட்டே பார்க்காத இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கால் ஆடும். கையில் கிரீஸ் பட வேண்டும், ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று கழன்று விழ வேண்டும், அப்போதுதான் எனக்கு நாள் போகும். இன்டர்வியூவில் மேனேஜர் ஆமையைக் காட்டி, இதை ஒழுங்காக ஓடவைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். ஆமை இருந்தால் உனக்கு வேலை, ஆமை போனால் நீயும் போகலாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதை அவர் மறக்கவும் இல்லை, என்னை மறக்க விடவும் இல்லை.

ஆமையைப் பராமரிப்பது பெரிய விஞ்ஞானம் இல்லை; ஆனால் சோம்பல் பட்டால் தொலைந்தோம். கடற்காற்று தகட்டின் மேல் உப்பைப் பூசிவிட்டுப் போகும். வெறும் துணியால் துடைத்தால் கீறும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். சென்சாரின் கண்ணை மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பக்கத்துச் சவுக்கு மரங்களின் ஊசி இலைகள் கூடையில் குத்திக்கொண்டு நிற்கும். அவற்றை உதற முடியாது, ஒவ்வொன்றாக உருவ வேண்டும். விருந்தினர்கள் உடம்பில் பூசிக்கொண்டு வரும் கிரீம் எல்லாம் சல்லடையில் எண்ணெய்ப் படலமாக ஒட்டும். அதற்குப் பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் வினிகரும். இவ்வளவையும் செய்துவிட்டு ஆமையைத் தண்ணீரில் விட்டால், வெண்ணெயில் கத்தி போவது போலப் போகும்.

போய்க்கொண்டுதான் இருந்தது, அந்த வழவழப்பு வருகிற வரைக்கும்.

ஒரு நாள் மாலை கூடையைத் தூக்கினால் சல்லடை முழுக்க வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ. ஆறிப்போன கஞ்சியின் மேல் ஏடு படியுமே, அதே மாதிரி. ஒவ்வொரு ஓட்டையும் அடைந்திருந்தது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல், ஆமை குப்பையை வாயால் விழுங்குவதற்குப் பதிலாக முன்னே தள்ளிக்கொண்டே போனது. பிறகு ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. விருந்தினர்கள் சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தார்கள். கழுவினேன், சரியாயிற்று. சில நாள் கழித்து மறுபடியும். அதற்கப்புறம் மறுபடியும், இன்னும் தடிமனாக. மூன்றாவது தடவைதான் அந்தக் கம்பளி நூல் கிடைத்தது.

கஞ்சி என்றதும் சந்தேகம் துணி வெளுக்கும் அறைக்குப் போனது. மேஜை விரிப்புகளுக்கு அங்கே கஞ்சி போடுகிறார்கள். முதலுதவிப் பெட்டியில் இருந்த அயோடின் மருந்தை எடுத்து, வழவழப்பின் மேல் ஒரு சொட்டு விட்டேன். கஞ்சியாக இருந்தால் நீலக் கறுப்பாக மாற வேண்டும். பள்ளிக்கூடத்து லேபில் உருளைக்கிழங்கை வெட்டிச் செய்து பார்த்த அதே சோதனை. மாறவில்லை. அயோடினின் பழுப்பு மட்டும் பரவி நின்றது. ஆக வெளுக்கும் அறை தப்பித்தது. சமையலறையையும் விட்டுவிட்டேன், அங்கிருந்து யாரும் குளத்துப் பக்கம் வருவதில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். புதுப்பட்டினத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். முன்பு போட்டில் மீன் பிடிக்கப் போனவர், பிறகு ரிசார்ட்டுக்கு வந்து குளத்துக்காரர் ஆனார். ஆமை வருவதற்கு முன் நீளமான கம்பில் வலை கட்டி, குளத்தைச் சுற்றி நடந்து குப்பை வாரியவர் அவர்தான். ஆமை வந்ததும் கம்பு மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்துவிட்டது. இப்போது குளோரின் போடுவது, ஓடு தேய்ப்பது, விடிந்ததும் ஆமையை அதன் ஸ்டாண்டிலிருந்து தூக்கித் தண்ணீரில் விடுவது என்று அவர் வேலை சுருங்கியிருந்தது. நான் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள், ஆமை நீந்திக்கொண்டிருக்கும். அதாவது, தினமும் காலையில் ஆமையும் அவரும் மட்டும் தனியாக இருக்கும் நேரம் ஒன்று இருந்தது. குளத்தைப் பார்த்த கேமரா எதுவும் இல்லை. விருந்தினர்கள் குளிக்கிற இடம் என்பதால் எல்லாவற்றையும் வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள்.

வேலையைப் பறித்த இயந்திரம், தனிமை, கேமரா இல்லாத இடம். போலீஸ்காரருக்குக்கூட இதற்கு மேல் தேவைப்படாது.

அவர் பேச்சும் அதற்குத் தோதாக இருந்தது. ஆமை மூலையில் சுற்றும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

“இன்னா இஞ்சினியரம்மா, ஆமைக்கு மயக்கமா? சோடா கீடா வாங்கியாரட்டா?”

நான் குனிந்து கூடையைக் கழற்றுவேன். ஆமையை முதன்முதலாகத் தண்ணீரில் விட்டபோதும் அவர் இப்படித்தான் ஏதோ பேசினார். எலுமிச்சம்பழம் வாங்கி வரட்டுமா, பூசணிக்காய் உடைக்க வேண்டாமா என்று மேனேஜரிடம் கேட்டார். இது என்ன லாரியா என்று மேனேஜர் எரிந்து விழுந்தார். வெளிநாட்டுக்காரர்கள் குளிக்கிற இடத்தில் எலுமிச்சை, மிளகாய், கற்பூரம் என்று எதுவும் கண்ணில் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதை நான் வேடிக்கையாகக் கேட்டுவிட்டு மறந்துவிட்டேன். மறந்திருக்கக் கூடாது.

விஷயம் முற்றியது மேனேஜர் எங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை. முதலாளி வருகிற சனிக்கிழமை வருகிறார் என்றார். இந்த ஆமை சரியாக வந்தால் மற்ற ரிசார்ட்டுகளுக்கும் வாங்கலாம் என்று அவருக்கு யோசனை இருக்கிறதாம், அதனால் காலையிலிருந்து மாலைவரை நேரில் உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம்.

“அன்னைக்கு ஒரு தடவை நின்னாலும் மெஷினைப் பெட்டியில போட்டு வந்த இடத்துக்கே அனுப்பிடுவேன்,” என்றார். என்னைப் பார்த்து, “நீயும் உன் பெட்டியைக் கட்டிக்கலாம்,” என்றார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பணிவு எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

அறையை விட்டு வந்து, தண்ணீர் குடிக்க மோட்டார் அறைப் பின்பக்கம் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“எனக்கு இன்னாமோ அந்தப் பொண்ணு மேலதான் டவுட்டு. அதே கழட்டுது, அதே மாட்டுது. மெஷினு ஒழுங்கா ஓடிச்சின்னா அதுக்கு இங்க இன்னா வேல கீது, சொல்லு.”

காவலாளி ஆமாம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நான் அவரைப் பற்றி எப்படி யோசித்தேனோ, அச்சு அசலாக அதே கணக்கில் அவர் என்னைப் பற்றி யோசித்திருக்கிறார். என்னைத் திசை திருப்புவதற்காகவே சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமாகப் பேசினாரோ என்றும் தோன்றியது. அந்த அளவுக்குப் போயிருந்தேன்.

அடுத்து ஒரு பொறி வைத்தேன். திங்கட்கிழமை மாலையில் ஆமையைக் கழுவி ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு, என் தலைமுடி ஒன்றை எடுத்துக் கூடையின் மூடிக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் ஒட்டினேன். யாராவது மூடியைத் திறந்தால் முடி அறுந்துவிடும். செவ்வாய்க்கிழமை காலையில் வந்ததும் பஸ் வேகத்தோடு குளத்துக்கு ஓடினேன். ஆமை நீந்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்ததும் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். முடி அப்படியே இருந்தது. மூடியை யாரும் திறக்கவில்லை. ஆனால் அன்று மாலை சல்லடையில் வழவழப்பு, முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு.

பூட்டிய வீட்டுக்குள் எப்படிப் போனான் என்கிற கதையாகிவிட்டது.

வழக்கமாகச் சல்லடையைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வேன். வீட்டில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. வழவழப்பு எல்லாம் செவ்வாயிலும் வெள்ளியிலும்தான். மற்ற நாட்களில் சவுக்கு ஊசியும் எண்ணெயும் மட்டும். அண்ணனுக்கு வார விடுமுறை திங்கள். செவ்வாய் திரும்பி வருகிறார், செவ்வாய் அழுக்கு. கை தட்டாத குறைதான். வெள்ளிக்கிழமைக்குக் காரணம் கிடைக்கவில்லை. அன்று விருந்தினர் கூட்டம் அதிகம், அந்தக் கூட்டத்தில் தன் வேலையை மறைக்கப் பார்க்கிறார் என்று நானே ஒன்றைச் செய்து ஒட்டவைத்துக்கொண்டேன். செவ்வாய், வெள்ளி என்று சேர்த்து உரக்கச் சொல்லிப் பார்த்திருந்தால், நம் ஊரில் பிறந்த யாருக்கும் அது என்ன ஜோடி என்று உடனே தெரிந்திருக்கும். நான் மனதுக்குள் டியூஸ்டே, ஃப்ரைடே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மாலை செங்கல்பட்டில் பஸ் இறங்கி, எங்கள் தெரு முனை மளிகைக் கடையில் சோப்பு வாங்க நின்றேன். கடைக்காரர் முக்காலி மேல் ஏறி நின்று வாசலில் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். காலையில் கூட்டம் வந்துவிடும், வெள்ளிக்கிழமை வேலையை இப்போதே முடித்துவிடுகிறேன் என்றார். கொஞ்சம் பிடி என்று ஒரு கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்தார். கறுப்புக் கயிறு. விரலில் ஒட்டியது, பஞ்சாகப் பிரிந்தது.

கயிற்றின் மறு நுனியில் கற்கண்டு போல ஒரு வெள்ளைக் கட்டி. படிகாரம். திருஷ்டிக்காகக் கடை வாசலில் தொங்கவிடுவது. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கடையிலும் அதன் கீழே தலையைக் குனிந்து போய் வந்திருக்கிறேன்.

சோப்பை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா சவரம் செய்துவிட்டுத் தாடையில் தேய்க்கும் படிகாரத் துண்டு அவர் பெட்டியில் இருக்கும். பையில் குளத்துத் தண்ணீர் ஒரு பாட்டில் இருந்தது. தண்ணீரின் காரத்தன்மையைப் பார்க்க எப்போதும் கொண்டு வருவேன். தம்ளரில் ஊற்றி, துண்டை உரசி உள்ளே போட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் வெள்ளையாகப் பிசிர் பிசிராகத் திரண்டது. டீ வடிகட்டியில் ஊற்றினேன். வடிகட்டி அடைத்துக்கொண்டது. அதே வழவழப்பு. அப்பா வந்து, என் படிகாரத்தை ஏன் சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

எப்படி என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பதில்தான் என் சந்தேகம் இன்னும் கறுத்தது. கறுப்புக் கயிற்றைக் காப்பதற்கும் கட்டலாம், கெடுப்பதற்கும் கட்டலாம். நான் யோசிக்காமல் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். ஆமைக்கு ஏதோ செய்வினை மாதிரி வைக்கிறார், கூடவே சல்லடையும் அடைகிறது என்றால் அவருக்கு லாபம்தானே.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். வானம் வெளுக்கும் நேரம். குளத்தின் ஓரத்து அரளிச் செடிக்குப் பின்னால் போனை வீடியோவில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் வந்தார். ஆமையை ஸ்டாண்டிலேயே மல்லாத்திப் போட்டார். பையிலிருந்து எடுத்தது தேங்காய் மூடி அளவுக்கு ஒரு படிகாரக் கட்டி. இரண்டு மிதவைகளுக்கும் நடுவே, சக்கரத்துக்குச் சற்று முன்னால், அடியில் ஓடும் குறுக்குக் கம்பியில் அதைக் கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பிறகு கையை ஆமைக்கு மேல் மூன்று தடவை சுற்றி, பக்கத்தில் த்தூ த்தூ என்று துப்பினார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எதுவோ இடித்தது. கெடுக்க வந்தவர் முகம் அப்படி இருக்காது. உடம்பு சரியில்லாத குழந்தைக்குச் சுற்றிப் போடுகிறவர்கள் முகம் அது.

“என்னண்ணா கட்டுறீங்க?” என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். உடனே குரலை உயர்த்திக்கொண்டார். “நீ இன்னாத்துக்கு இந்நேரத்துக்கு வந்த? ஆளு இல்லாத நேரம் பாத்து எதுனா கழட்ட வந்தியா?”

“நான் கழட்ட வரல. நீங்க கட்டுறதைப் பார்க்க வந்தேன்.”

“மொதல்ல போனை உள்ள வை.”

வைத்தேன். அவர் ஆமையின் வயிற்றைத் தட்டிக்கொண்டே பேசினார். “எத்தினி பேரு கண்ணு இது மேல. வர்றவன், போறவன், குளிக்கிறவன், குளிக்காதவன், அல்லாரும் படம் புடிச்சிகினு கீறான். புது போட்ட தண்ணில எறக்கினா சும்மா எறக்குவாங்களா? மேனேஜரு வெளிய எதுவும் தெரியக் கூடாதுன்ட்டாரு. அதான் அடியில கட்றேன். செவ்வா, வெள்ளி, ரெண்டு நாளும்.”

“தண்ணிக்குள்ள கரைஞ்சு போகாதா?”

“கரையத்தாம்மா கட்றது.” எனக்கு எதுவுமே தெரியவில்லையே என்று அவர் வருத்தப்பட்டது தெரிந்தது. “கண்ணு பட்டாதான் கரையும். மொத தபா பாக்கு சைசுல கட்டினேன். சாயங்காலம் பாத்தா ஒண்ணுமே இல்ல. அம்மாங் கண்ணு. அப்பால ஒவ்வொரு தபாவும் பெருசாக்கி எலுமிச்சம்பழம் சைசுக்கு வந்தேன். அதுவும் பூட்ச்சு. இது இன்னாடா பேஜாரா கீதுன்னுதான் இன்னிக்கு இம்மாம் பெருசா வாங்கியாந்தேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கரையக் கரைய அவர் பெரிதாகக் கட்டியிருக்கிறார். பெரிதாகக் கட்டக் கட்ட சல்லடை அதிகமாக அடைத்திருக்கிறது. அடைத்து ஆமை நின்றதைப் பார்த்து, கண் இன்னும் பலமாக இருக்கிறது என்று அதைவிடப் பெரிதாகத் தேடிப் போயிருக்கிறார். மேனேஜர் மட்டும் வெளியே கட்ட விட்டிருந்தால், படிகாரம் காற்றில் தொங்கிக்கொண்டு யாருக்கும் தொல்லை தராமல் இருந்திருக்கும்.

பாட்டிலில் குளத்துத் தண்ணீர் பிடித்து, கட்டியிலிருந்து கொஞ்சம் உரசிப் போட்டுக் காட்டினேன். பிசிர் திரண்டு அடியில் இறங்கியது. அவர் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

“தண்ணி தெளியுதே, நல்லதுதான?”

“மேல தெளியுது. அடியில பாருங்க. அதுதான் கூடையை அடைக்குது.”

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ இதுல முன்னாடியே எதுனா மருந்து கலந்து வச்சிகினு வந்தியா?”

பாட்டிலைக் கொட்டிவிட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே தண்ணீர் பிடித்தார், அவரே உரசினார், அவரே பார்த்தார். பாட்டிலைக் குலுக்கி மறுபடியும் பார்த்தார். பிறகு, கடையில் தொங்குவது தண்ணீரே படாமல் கசிகிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார். கடற்காற்றின் ஈரம் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. எனக்கே அரைகுறையாகத்தான் இருந்தது.

அதுவரை கேட்காததைக் கேட்டுவிட்டேன். உங்கள் வேலையைப் பறித்த மெஷினுக்கு நீங்கள் எதற்குக் காவல் கட்டுகிறீர்கள் என்று.

“யாரு சொன்னது வேலைய பறிச்சிதுன்னு? கம்பு தூக்கித் தூக்கி இந்தத் தோளு பூட்ச்சு. வூட்டுக்குப் போனா சோத்துக்குக் கை மேல ஏறாது. இது வந்தப்புறம்தான் மனுசனா துண்றேன்.” சுவரில் சாய்ந்திருந்த கம்பைக் காட்டினார். “இது போச்சின்னா நீ வேற எங்கனா பூடுவ. படிச்ச புள்ள. எனக்கு மறுபடியும் அதான்.”

சனிக்கிழமைக்கு என்னைவிட அவர்தான் அதிகமாகப் பயந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கட்டியை அவிழ்த்தோம். ஆனால் முதலாளி நாள் முழுக்கக் கண் வைத்துப் பார்க்கப் போகிற நாளில், ஆமையை வெறுமனே தண்ணீரில் விட அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணிலேயே பெரிய கண் முதலாளி கண்ணு என்றார். ரொம்ப நேரம் வாதாடினோம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: படிகாரம் தண்ணீரில் இருக்காது, ஆனால் ஆமைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அப்படித்தான் சனிக்கிழமை முழுவதும் குளத்து அண்ணன் பேன்ட் பையில் படிகாரக் கட்டியைப் போட்டுக்கொண்டு, ஆமை போகிற பக்கமெல்லாம் கரையோரமாக நடந்தார். அது திரும்பினால் அவரும் திரும்புவார். அது நடுவில் போனால் இந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டுவார். ஒரு தொடை மட்டும் வீங்கியது போலத் தெரிந்தது. முதலாளி குடை நிழலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆமையைப் பார்த்தார், பிறகு அண்ணனைத்தான் பார்த்தார். மேனேஜர் என்னைத் தனியாக அழைத்து, அந்த ஆள் எதற்கு அதன் பின்னாலேயே அலைகிறார் என்று பல்லைக் கடித்தார்.

“கண்காணிக்கிறார் சார்,” என்றேன். அந்தச் சொல்லில் கண்ணும் இருக்கிறது என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

உச்சி வேளையில் ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. ஆமை தளர்ந்தது. சவுக்கு ஊசிகள் அதன் வாய்க்கு வெளியே தேங்கின. அண்ணன் பையைக் கையால் அழுத்திக்கொண்டு, மேகத்தை முறைத்தார், பிறகு முதலாளியை முறைத்தார். மேகம் விலகியது. சக்கரம் மறுபடி சுழன்றது. ஊசிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மாலை நான் கூடையைத் திறந்தபோது குப்பை நிறைந்திருந்தது, சல்லடை சுத்தமாக இருந்தது. முதலாளி தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். என்னை யாரும் பெட்டி கட்டச் சொல்லவில்லை.

இத்தனை நாள் என்னதான் கோளாறு என்று மேனேஜர் கேட்டார். அண்ணன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு விடுவது நின்றது எனக்குக் கேட்டது.

“உப்பு படிஞ்சிருந்தது சார்.”

“கடல் உப்பா?”

“ஒரு வகை உப்பு.”

படிகாரமும் உப்புதான். எந்த வேதியியல் புத்தகத்தைப் புரட்டினாலும் அப்படித்தான் இருக்கும். மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நம்பவில்லை. இனி நாங்கள் இருவரும் கூட்டு என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதில் உண்மையும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேன்ட் பையை வெளியே இழுத்துக் காட்டினார். துணி நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. கட்டியின் ஒரு பக்கம் மழுங்கியிருந்தது.

“பாத்தியா? குளத்துத் தண்ணி படல. ஆனாலும் கரைஞ்சிகீது.”

வியர்வை அண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு நாள் முழுக்க வெயிலில் நடந்த மனுஷன். சொல்லவில்லை. தினமும் இப்படி நடக்க முடியாது, தொடை உரசிப் புண்ணாகிவிட்டது என்றார். வேறு வழி ஒன்று கண்டுபிடி, நீதான் படிச்சிருக்கியே என்றார்.

கண்டுபிடித்திருக்கிறேன். சோறு கட்டுகிற மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று. சோலார் தகட்டுக்கு அடியில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே கொஞ்சம் இடம் இருக்கிறது; அங்கே அதைப் பொருத்தலாம். விருந்தினர் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரும் படாது. ஆனால் முழுக்க மூடிவிட்டால் படிகாரம் எப்படிக் கண்ணை இழுக்கும் என்று அண்ணன் கேட்கிறார். அவருக்குத் துளை வேண்டும். எனக்குத் துளை கூடாது. பக்கவாட்டில், மேல் விளிம்பை ஒட்டி ஊசித் துளைகள் என்று பேசி முடித்திருக்கிறோம். இன்னொரு சிக்கல், டப்பா ஒரு பக்கமாக இருப்பதால் ஆமை சாய்ந்து வட்டமடிக்கும். எதிர்ப்பக்கம் இரும்பு நட்டுகளைக் கட்டிச் சமன் செய்ய வேண்டும். எத்தனை நட்டு என்பதை வீட்டில் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஒரு தட்டை மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா அண்டாவைத் திருப்பிக் கேட்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பொருத்திப் பார்க்கப் போகிறேன். முதல் பஸ். அண்ணன் அதற்கும் முன்னாலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எதற்கு முன்னாலேயே என்று நான் கேட்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை சாயங்காலமே ஆமையை மல்லாத்தி, அடியில் ஓடும் அந்தக் குறுக்குக் கம்பியில் என் தலைமுடி ஒன்றைச் சுற்றி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். முதலில் அதைத்தான் பார்ப்பேன்.